கிளாஸ் கையில் இருக்கும்போது சிகரெட்டைத் தொடாமல் இருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐந்து மாதம் சிகரெட்டைத் தொடாமல் இருந்தேன். வேலை நெருக்கடி, தூக்கம் வராத இரவுகள், வெளியூர் பஸ் டீக்கு நிறுத்தும் அந்தப் பத்து நிமிடம், எல்லாவற்றையும் தாண்டிவிட்டேன். விழுந்தது ஒரு கல்யாணத்துக்கு முந்தைய இரவில். மண்டபத்து மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர், மூன்றாவது ரவுண்டு. யாரும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த நண்பன் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு பாக்கெட்டை நடுவில், மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அதன் மூடி திறந்தே இருந்தது. மிக்சருக்குப் போன கை அங்கே போய்விட்டது. பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே உறைத்தது. மறுநாள் தாலி கட்டி முடிவதற்குள் எதிரே இருந்த பெட்டிக்கடையில் நானே காசு கொடுத்து ஒன்று வாங்கினேன். ஒரே வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிட்டேன். மறுபடியும் விட ஒன்றரை வருஷம் ஆனது.

அந்த ஒன்றரை வருஷம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கற்றுக்கொண்டது இதுதான்: மூன்றாவது ரவுண்டில் உட்கார்ந்திருக்கும் ஆளால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அவனுக்கான முடிவை எல்லாம், ஒரு சொட்டு கூட உள்ளே போகாத ஆள் சாயங்காலமே எடுத்து வைத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் மதுவும் புகையிலையும் சேர்ந்தால் வரும் ஆபத்து, இரண்டையும் தனித்தனியாகக் கூட்டினால் வருவதைவிட அதிகம். குடியையும் சேர்த்து விட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் சிகரெட்டையாவது விட்டுவிட வேண்டும் என்று வருகிறவரிடம் "ரெண்டையும் விட்டுட்டு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சரக்கு உள்ளே போனால் ஏன் தம் கேட்கிறது?

சிகரெட் புகையில் உள்ள நிகோட்டின் இருபது நொடிக்குள் மூளையைத் தொட்டுவிடும். மதுவும் நிகோட்டினும் மூளையில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரக்கும் ஒரே பாதையைத் தூண்டுகின்றன. பத்து வருஷம் இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துப் பழக்கினால், ஒன்று வந்ததும் இன்னொன்று எங்கே என்று மூளை தேடும். நாக்கில் படும் முதல் கசப்பு, கிளாஸில் ஐஸ் இடிக்கும் சத்தம், கடலையில் பிழிந்த எலுமிச்சை வாசனை எல்லாம் அதற்குச் சைகைதான்.

இன்னொரு பக்கம், "வேண்டாம்" என்று நம்மைத் தடுத்து நிறுத்தும் பகுதியைத்தான் மது முதலில் தளர்த்துகிறது. ஆசை ஏறும்போதே பிரேக்கும் தளர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மது தரும் மந்தத்தை நிகோட்டின் ஓரளவு மறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. புகைத்துக்கொண்டே குடித்தபோது நான்கு ரவுண்டு தாங்கிய மாதிரி இருந்தது இதனால்தான். விட்ட பிறகு அதே அளவு குடித்தால் தள்ளாட்டமும் தூக்கமும் கூடுதலாகத் தெரியலாம். பழைய அளவை அப்படியே எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

முதல் படி: ஆறு வாரம் பார் பக்கம் போகாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நிகோட்டின் நின்றதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அது அடங்கும் முன் பாருக்குப் போவது, கட்டுப் போட்ட காலோடு கபடி ஆடப் போவது மாதிரி. நான் ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டேன்.

நண்பர்களை ஒதுக்க வேண்டியதில்லை. நேரத்தை மாற்றுங்கள். சனி இரவுக்குப் பதில் ஞாயிறு காலை டிஃபனுக்குக் கூப்பிடுங்கள். பொங்கலும் வடையும் நடுவில் இருக்கும்போது அதே கூட்டம் அதே கதையைத்தான் பேசும். சினிமாவுக்குப் போகலாம், பூப்பந்து ஆடலாம். குழுவில் ஒரே ஒரு செய்தி போதும்: "தம்மை விட்டுட்டேன். ஒன்றரை மாசம் பார்ட்டிக்கு வரமாட்டேன். அப்புறம் வர்றேன்." தேதி இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர், காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்பவர், குடியைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரைக்கும் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதைப் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: டீக்கடையில் பழகிக்கொள்ளுங்கள்

பாருக்கு முன்னால் டீக்கடை. டீயும் தம்மும் நமக்கு ஒரே வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. இங்கே புத்தி தெளிவாக இருக்கும், வந்த ஆசையைக் கவனித்துப் பார்க்கலாம். அதனால் பயிற்சிக்கு இதுவே சரியான இடம்.

எந்தக் கடையிலும் புகைப்பவர்களுக்கு ஒரு மூலை உண்டு. தூணில் லைட்டர் நூலில் தொங்கும், சில கடைகளில் இன்னும் கயிறு கனன்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கம் போகாமல் டீ மாஸ்டர் பக்கமோ, போண்டா எடுக்கும் எண்ணெய்ச் சட்டி பக்கமோ நில்லுங்கள். கேட்காமலே உங்கள் பிராண்டை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணே, விட்டுட்டேன். நானே கேட்டாலும் கொடுக்காதீங்க." நான் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் டீயோடு ஒரு கடலைமிட்டாயை வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பாக்கெட்டை நீட்டியதே இல்லை.

இங்கேயே கவனிக்க வேண்டியது, டீயின் எண்ணிக்கை. புகையில் உள்ள பொருட்கள், கல்லீரல் காஃபினைக் கரைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறையும். அதே நாலு டீ, இரண்டு காபி குடித்தால் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் நிறைய. விட்ட நாளிலிருந்தே டீ, காபியைப் பாதியாக்குங்கள்.

மூன்றாம் படி: கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

ஆறு வாரம் ஆகிவிட்டது, கூட்டத்துக்குப் போகப்போகிறீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே உட்கார்ந்து இதையெல்லாம் முடிவு செய்யுங்கள்.

எத்தனை? எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கியில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கும், இதை ஓர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் என்றால் 90 மில்லி, மூன்று அளவு. 180 மில்லி குவார்ட்டர் ஆறு அளவு. 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் இரண்டரை அளவு, 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் நான்கு அளவு. ஓர் அளவைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரண்டு அளவுக்கு மேல் போனால் என் பிரேக் தளர்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் என் எல்லை 60 மில்லி. குவார்ட்டரைப் பங்கு போடும் கூட்டத்தில் உங்கள் பங்கை முதலிலேயே அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கிளாஸ் பாதியில் இருக்கும்போது மேலே ஊற்ற விட்டால் கணக்கு போய்விடும்.

என்ன குடிப்பது? சிகரெட்டோடு எது ஜோடியாக இருந்ததோ அதை விட்டு வேறொன்று. ரம்மும் கோலாவும் உங்கள் ஜோடி என்றால் அது வேண்டாம். சோடாவில் எலுமிச்சையும் உப்பும் போட்டு, மது இல்லாமலே உட்காரும் நாள் இன்னும் நல்லது. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

வயிறு காலியாக இருக்கக் கூடாது. இரண்டு தோசையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியும் தம் ஆசையும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும், குடித்த பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

பையில் லைட்டர், தீப்பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

கூட்டத்தில் ஒருவரிடம் மட்டும் முன்பே பேசிவிடுங்கள். அவர் புகைப்பவராக இருந்தாலும் பரவாயில்லை, சொன்ன சொல் காப்பவராக இருக்க வேண்டும். "மச்சான், இன்னைக்கு நான் கேட்டா தராத. என்ன சொன்னாலும் தராத." பத்துப் பேரிடம் சொன்னால் அது கிண்டலுக்கு ஒரு தலைப்பாகிவிடும். ஒருவரிடம் சொன்னால் அது அவருடைய பொறுப்பாகிவிடும்.

நிகோட்டின் சூயிங்கம் பயன்படுத்துபவர்களுக்கு: 2 மி.கி. கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாகக் கடித்து, நாக்கில் காரம் சுருக்கென்று தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி மெதுவாகக் கடிக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோட்டின் உள்ளே ஏறாது. கோலா, சோடா, எலுமிச்சை, பீர், காபி குடித்துக்கொண்டே கம் போட்டால் வீண். கம் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தும், கம் வாயில் இருக்கும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. ஆகவே பாருக்குப் போகும் வழியிலேயே ஒன்றைப் போட்டு முடித்துவிடுங்கள். தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் என்றால் இந்தத் தொல்லை இல்லை, காலையில் ஒட்டினால் இரவிலும் வேலை செய்யும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது.

மாத்திரையில் விடுபவர்கள் கட்டாயம் கவனியுங்கள். புப்ரோபியான் எடுப்பவர் அதிகம் குடித்தாலும், அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினாலும் வலிப்பு வரும் ஆபத்து கூடும். வரெனிக்லின் எடுக்கும்போது சிலருக்கு மது வழக்கத்தைவிடக் கடுமையாக ஏறும். எவ்வளவு குடிப்பீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காம் படி: மேஜையில்

முடிந்தால் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பொது இடங்களில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க இருக்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனாலும் பல பார்களில் உள்ளே நுழைந்தாலே கண் எரியும். உள்ளே யாரையும் புகைக்க விடாத ஹோட்டலாகப் பாருங்கள். வேறு வழியே இல்லை என்றால் ஜன்னல் ஓரமாக, பாக்கெட் வைத்திருப்பவருக்கு எதிர்ப்பக்கமாக, கை எட்டாத தூரத்தில் உட்காருங்கள்.

எந்தக் கையில் சிகரெட் பிடிப்பீர்களோ அந்தக் கையில் கிளாஸைப் பிடியுங்கள். எனக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றரை மாதம் கழித்தும் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தன. கிளாஸ் இல்லாத நேரத்தில் வறுத்த கடலையை ஒவ்வொன்றாகத் தோலுரித்துத் தின்றேன். மேஜையில் சேர்ந்த தோல்தான் அன்று எத்தனை தடவை ஆசை வந்தது என்பதற்குக் கணக்கு.

யாராவது நீட்டினால் சொல்லும் வார்த்தை முக்கியம். "விடப் பாக்குறேன்" என்றால் "சரி, நாளைக்கு விடு" என்பார்கள். "இன்னைக்கு வேணாம்" என்றால் நாளைக்கு நீட்டுவார்கள். "விட்டுட்டேன் மாப்ள" என்று முடிந்துபோன காரியமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள், காரணம் விளக்க ஆரம்பித்தால் விவாதமாகிவிடும். மாமா, பெரியப்பா மாதிரி மூத்தவர்கள் பாசத்தில் நீட்டினால், "எனக்கு ஒத்துக்கல மாமா" போதும். அதற்கு மேல் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

புகைக்காமலே சிக்கிக்கொள்ளும் வழிகளும் இருக்கின்றன. "இதைக் கொஞ்சம் பிடி, போன் பேசிட்டு வர்றேன்" என்று எரியும் சிகரெட்டைக் கையில் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். யாருக்கும் பற்றவைத்துக் கொடுக்காதீர்கள். "வர்ற வழியில ரெண்டு கிங்ஸ் வாங்கிட்டு வா" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். கடைக்காரரிடம் பிராண்ட் பெயரைச் சொல்லும்போதே வாயில் அந்த ருசி வந்துவிடும்.

அப்புறம் எல்லோரும் எழுந்து வெளியே போகும் நேரம். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். உள்ளே புகைக்க முடியாத இடத்தில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "வெளிய போயிட்டு வர்றோம்" என்று எழுவார்கள். பாதி தின்ற சிக்கன் தட்டு, ஐந்து கிளாஸ், ஐந்து காலி நாற்காலி, நடுவில் நீங்கள். அந்த நாளின் சுவையான பேச்செல்லாம் அங்கே வெளியேதான் நடப்பதாகத் தோன்றும். இழுப்பது சிகரெட் என்று நினைக்கிறோம், பாதிக்கு மேல் இழுப்பது அந்தப் பேச்சுதான். கம்பெனி கொடுக்கவென்று போகாதீர்கள். அந்த ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு வேலையை முன்பே ஒதுக்கி வையுங்கள்: வீட்டுக்கு ஒரு போன், அடுத்த சாப்பாட்டு ஆர்டர், முகம் கழுவுவது. திரும்பி வந்ததும் "என்னடா பேசினீங்க, முதல்ல இருந்து சொல்லு" என்று கேளுங்கள். சொல்வார்கள்.

ஆசை அலை மாதிரி எழுந்தால், அது மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தானாக இறங்கும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு முறை சொன்னார்: அலையோடு மல்லுக்கட்டாமல் அதன் மேல் மிதந்து கடப்பது. ஆசை உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தொண்டைக்குக் கீழே, நெஞ்சில் ஒரு இறுக்கம். அதையே கவனித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுக் கரைய விடுங்கள். அது கரைந்து முடியும்போது இறுக்கம் தளர்ந்திருக்கும்.

ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்யத்தான் மறந்துபோகிறது. கிளாஸ் வரும்போதே தண்ணீரையும் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: கடைசி அரை மணி நேரத்துக்கு முன் கிளம்புங்கள்

டாஸ்மாக் கடை இரவு 10 மணிக்கு மூடும். ஒன்பதரைக்கு மேல் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும், மீதியை வேகமாக ஊற்றுவார்கள், இன்னொன்று வாங்க ஓடுவார்கள். உங்கள் எல்லை உடையும் நேரம் அது. ஒன்பது மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஆட்டோவை உள்ளே உட்கார்ந்தபடியே கூப்பிட்டு, வந்த பிறகு வெளியே போங்கள். தெருமுனைப் பெட்டிக்கடை வெளிச்சத்தில் தனியாக ஆட்டோவுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில், மாலை முழுக்கக் காப்பாற்றியதை நிறையப் பேர் விட்டிருக்கிறார்கள்.

கல்யாண வீடும் துக்க வீடும்

இவற்றைத் தவிர்க்க முடியாது. கல்யாண மண்டபத்தில் மொட்டை மாடிக்கு ஏறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. நான் இப்போது இரவு பதினொரு மணிக்குச் சமையல்கட்டுக்குப் போய்விடுகிறேன். மறுநாள் பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஓரமாக உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக் கொடுத்தால் யாரும் வேண்டாம் என்பதில்லை, கையும் சும்மா இருப்பதில்லை.

துக்க வீட்டில் வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் புகைத்துக்கொண்டிருப்பார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கும்போது ஒரு சிகரெட் ஆறுதல் மாதிரித் தெரியும். அங்கே நிற்காதீர்கள். தண்ணீர் கேன் எடுத்து வருவது, மாலை வாங்கி வருவது, பெரியவர்களைக் கொண்டுபோய் விடுவது என்று ஏதாவது ஒரு பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதையும் மீறி ஒரு இழுப்பு இழுத்துவிட்டால்

மீதி இருந்தாலும் அங்கேயே அணைத்துப் போடுங்கள். கிளாஸையும் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அன்று மறுபடி அந்தக் கூட்டத்துக்குத் திரும்பாதீர்கள்.

மறுநாள் காலைதான் முக்கியம். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது பெரும்பாலும் "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் என்று மார்லட் விளக்கியிருக்கிறார். எனக்கும் அதுதான் நடந்தது. ஐந்து மாதம் ஒரே இரவில் அழிந்துவிட்டதாக நினைத்துத்தான் அந்தப் பெட்டிக்கடைக்குப் போனேன். உண்மையில் எதுவும் அழிந்திருக்கவில்லை. ஐந்து மாதமும் கிடைத்த மூச்சு அப்படியேதான் இருந்தது, நடுவில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். அன்று காலை யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே பாக்கெட் வாங்காதீர்கள். உதிரியாகவும் வாங்காதீர்கள். அடுத்த இரண்டு வாரம் மதுவும் வேண்டாம். முந்தின இரவு எந்த நிமிடத்தில், யார் பக்கத்தில், எத்தனையாவது கிளாஸில் கை போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்காகப் பொறுப்பேற்ற அந்த ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

பேச ஆள் வேண்டும் என்றால் புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்ணைச் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை எடுப்பார்கள், திங்கட்கிழமை விடுமுறை. சனி இரவு சறுக்கியவர் ஞாயிறு காலை எழுந்ததுமே கூப்பிடலாம்.